கவனித்துப்பாருங்கள்

அப்பாவின் வேதாகமத்தில், மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், ஒரே ஒரு சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு இருக்கும். "காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்" என்ற இடத்தில் 'கவனித்துப்பாருங்கள்' என்பதற்கு மட்டும். கவலைப்படாதிருங்கள் என்று அதே அதிகாரத்தில் எவ்வளவு ஆறுதல் இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு இதற்கு ஏன் கோடு போட்டார் என்று அவர் இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. அவர் போய் இரண்டு வருடம் கழித்து, அவர் ஆசைப்பட்டும் பார்க்காமலே போன கலிலேயாவுக்கு அம்மா, என் கணவர், பத்து வயது மகன், நான் என நால்வரும் மார்ச் முதல் வாரத்தில் போய்ச் சேர்ந்தோம். அந்த வேதாகமத்தை அம்மா தன் கைப்பையிலேயே வைத்திருந்தார்.

அந்த இரண்டு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட நான் ஆலயத்துக்குத் தவறியதில்லை. ஜெபமும் நிற்கவில்லை. வாய் ஜெபித்தது, அவ்வளவுதான்.

எருசலேம் என்னை அசைக்கவில்லை. அதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். ஓர் ஆலயம், அதன் அடியில் அதைவிடப் பழைய ஆலயம், அதற்கும் அடியில் பாறை. வழிகாட்டி "இங்கேதான்" என்று சொல்லும்போதெல்லாம் மனம் "இங்கேயா?" என்றே கேட்டது.

கலிலேயாவில் அந்தக் கேள்வி எழவே இல்லை. கடல் என்று நாம் வாசிப்பது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் 13. வடக்கே, 2,814 மீட்டர் உயர எர்மோன் மலையில் அப்போதும் பனி வெளுத்துக் கிடந்தது. அந்தப் பனி உருகி, ஊற்றாகக் கிளம்பி, யோர்தானாகி இந்த ஏரியில் வந்து விழுகிறது. இயேசு குடியிருந்த கரையோர ஊரான கப்பர்நகூமில் கட்டடங்கள் இடிந்து கறுப்புக் கல்லாகக் கிடக்கின்றன. ஆனால் எதிர்க்கரை மலையின் வளைவு? அதை இயேசுவும் இப்படித்தான் பார்த்திருப்பார். காலையில் அந்த எண்ணம் வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மதியம் படகில் போனோம். போகும்போது தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. அரைமணி நேரத்தில் கிழக்கேயிருந்து காற்று இறங்கியது. ஏரி கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் கிடக்கிறது. மேட்டிலிருக்கும் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி, ஏரியின்மேல் நிற்கும் வெப்பக் காற்றில் மோதினால் சில நிமிடங்களில் அலை எழும்பிவிடுமாம். படகோட்டி பதறவில்லை, படகைக் கரைப்பக்கம் திருப்பினார். எங்களுக்குத்தான் வயிறு கலங்கியது. "அத்தை, என்னைப் பிடிச்சுக்கோங்க" என்று என் கணவர் கையை நீட்டினார்.

அம்மா அந்தக் கையைப் பிடிக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்றார். வசனம் சொல்கிற குரல் இல்லை அது. அப்பாவின் அடக்கத்தில்கூட அழாதவர் அங்கே அழுதார்.

காற்று உடனே அடங்கிவிடவில்லை. கரை சேரும்வரை அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள், புயலில் படகிலிருந்த இயேசுவின் சீஷர்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இதே தண்ணீரில், இதே காற்றில், பயத்தோடும் கோபத்தோடும் கேட்டார்கள். கேட்டதற்காக அவர் யாரையும் தள்ளிவிடவில்லை. இரண்டு வருடமாக நான் கேட்கத் துணியாத கேள்வி அது. கேட்பது விசுவாசக் குறைவு என்று பயந்து, அழகான வார்த்தைகளால் அதை மூடி வைத்திருந்தேன். இரவு அறைக்கு வந்ததும் மண்டியிட்டு, மூடாமல் கேட்டேன். பதில் குரலாக வரவில்லை. ஆனால் நெடுநாளைக்குப் பிறகு யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நிச்சயத்தோடு தூங்கினேன்.

மறுநாள் மலைப்பிரசங்கம் நடந்ததாகச் சொல்லப்படும் குன்றுக்குப் போனோம். அங்கே 1938-ல் கட்டிய ஆலயத்துக்கு, எட்டுப் பாக்கியவசனங்களை நினைவூட்ட எட்டுப் பக்கங்கள். அழகான ஆலயம்தான். எங்கள் கால்கள் என்னவோ வெளியே புல்சரிவில் நின்றுவிட்டன. மஞ்சளாகக் கடுகு பூத்திருந்தது. அதன் நடுநடுவே சிவப்பு அனிமோன், நடுவில் கறுப்புக் கண்ணோடு, இதழ் மெழுகு தடவியதுபோல. இயேசு சொன்ன காட்டுப்புஷ்பம் இதுவாக இருக்கலாம் என்பார்கள். எந்தப் பூவாக இருந்தால் என்ன? யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், சில வாரங்களில் உதிரப்போவதற்கு இவ்வளவு சிவப்பா?

தாத்தா படத்துக்கு வைக்க ஒன்று பறிக்கட்டுமா என்று மகன் கேட்டான். கூடாது, இந்தப் பூவுக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு என்றார் வழிகாட்டி. "அப்போ பார்க்க மட்டும்தானா பாட்டி?"

"பார்க்கத்தான்யா சொல்லியிருக்கார்," என்று அம்மா வேதாகமத்தைத் திறந்து அந்தப் பென்சில் கோட்டில் விரலை வைத்தார். அது உவமைக்கு முன்னுரை என்றே நினைத்திருந்தேன். அது ஒரு கட்டளை. ஜெபியுங்கள், மன்னியுங்கள் என்பதைப்போல இதுவும். வீட்டுக்குப் பின்னால் முருங்கைப்பூ உதிர்வதை அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்பது நினைவுக்கு வந்தது. வேலையில்லாமல் நிற்கிறார் என்று நினைத்த நாட்களுண்டு. அவர் கீழ்ப்படிந்துகொண்டிருந்திருக்கிறார்.

வெயில் ஏறியதும் நாரைகள் வந்தன. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஐரோப்பாவுக்குத் திரும்புகிற வெண்நாரைகள். மேலெழும் வெப்பக் காற்றில் சிறகை விரித்தபடி, அடிக்காமல், வட்டம் வட்டமாக ஏறின. ஆகாயத்து நாரை தன் வேளையை அறியும் என்று எரேமியா எழுதியதும் இந்தத் தேசத்து வானத்தைப் பார்த்துத்தான். மகன் நூற்றிருபதுவரை எண்ணிவிட்டு, எண்ணுவதை விட்டுவிட்டு, புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டான்.

கீழே பஸ் ஹாரன் அடித்தது. குழு கிளம்பிவிட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் எழவில்லை, ஒரு பூவின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்மா," என்றார்.