ஒரு சப்பரைத் தேடும் வேலை: இதுவரை கிடைத்தவை

நண்பரின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி. முதல் உலகப் போரில் இறந்துபோனவர். ஊர் வந்தவாசித் தாலுகாவில் ஒரு கிராமம். "தொரைக்குச் சமையல் பண்ணப் போனாரு, அங்கேயே போயிட்டாரு" என்பதுதான் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த கதை. கூடவே ஒரு பதக்கம். குடும்பத்தார் பெயர் போட வேண்டாம் என்றதால் இங்கே அவர் வெறும் 'சப்பர்'தான், அதாவது பாலம், பாதை போடும் பொறியாளர் படையின் சிப்பாய்.

கதையை முதலில் அசைத்தது பதக்கத்தின் உலோகம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன்: பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். சிப்பாய்களுக்கு இதை வெள்ளியில் கொடுத்தார்கள்; இந்தியாவிலிருந்து போன தொழிலாளர் படை ஆட்களுக்கு வெண்கலம். இது வெள்ளி. ஆக, மனிதர் கரண்டி பிடிக்கப் போகவில்லை. விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். வீட்டில் வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்த்ததில் பாதி மழுங்கியிருந்தது. மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் படம் எடுத்ததும் எழுத்துகள் நிழலாக எழுந்தன. (பதக்கம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.) பதவி சப்பர். பிரிவு, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'குயின் விக்டோரியாஸ் ஓன் சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'. மெட்ராஸ் சப்பர்ஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கும் அந்தப் படையில் ஆட்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு பின்னணி தேவை. 1880களில் சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் சண்டைக்கு ஆகமாட்டான் என்ற எண்ணக்காரர். சில இனத்தார் மட்டுமே சண்டைக்கு ஏற்றவர்கள் என்ற 'போர்க்குடிகள்' பேச்சு வலுத்தபோது சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சப்பர்ஸ் மட்டும் தமிழ்ப் பறையர்களையும் கிறிஸ்தவர்களையும் தொடர்ந்து சேர்த்தது. நம் ஆள் வெட்டியான் குடும்பம். அது அன்றைய ஆவணச் சொல், அரசுக் கணக்கில் ஏறிய ஒரு பதவி. தமுக்கடிப்பது, மதகு திறப்பது, பயிர்க்காவல், மணியக்காரர் வசூலித்த பணத்தோடு தாலுகா கச்சேரிக்கு நடப்பது, பிணம் எரிப்பது எல்லாம் அதில் அடக்கம். கொஞ்சம் மானிய நிலம் உண்டு. மற்றபடி களத்தில் அளந்து போடும் நெல். பதவி மூத்தவனுக்குப் போனால் இளையவனுக்கு வேலை மட்டும் மிஞ்சும். சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய் ரொக்கம். ஏன் போனார் என்று இதற்குமேல் நான் தேடவில்லை.

அடுத்தது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளம். இலவசம். ஆனால் நம் பெயர்களோடு அது படும் பாடு! ஒரே முனுசாமி அங்கே முனிசாமி, முனிஸ்வாமி, மூனசாமி என்று பல வேஷத்தில் உட்கார்ந்திருப்பார். பெயரைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் தாலுகா பெயரை அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் போடுங்கள். வந்தவாசி அப்போது வாண்டிவாஷ். அப்புறம் படைப்பிரிவையும் போர்முனையையும் வைத்துச் சலிக்கலாம். பதக்கத்தில் இருந்த எண்ணோடு ஒரு பதிவு பொருந்தியது. வயது 20. 1917 பிப்ரவரிக் கடைசி. நினைவிடம் பஸ்ரா.

பஸ்ரா நினைவுச்சின்னத்தில் 1914 முதல் 1921 ஆகஸ்ட் வரை மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,500க்கும் மேற்பட்டவர்களுக்கு இடம் உண்டு. 'இடம்' என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயரைக் கல்லில் வெட்டவில்லை. படைப்பிரிவின் கீழ் 'மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்' என்று ஒரு எண்ணிக்கை. பெயர்கள் பதிவேட்டோடு நின்றுவிட்டன. இப்படிப் பாகுபாடு காட்டியதை ஆணையம் 2021ல் அறிக்கை போட்டு ஒப்புக்கொண்டது. நண்பருக்கு அந்தப் பலகையின் படத்தைக் காட்டினேன். "எதுல தாத்தா?" என்றார். எண்ணிக்கையைத் தொட்டுக் காட்டினேன்.

பிப்ரவரி 1917 என்றதும் மனம் ஒரே இடத்துக்கு ஓடுகிறது. அந்த மாதம் 23ஆம் தேதி, குட் நகருக்கு மேலே ஷும்ரான் வளைவில், எதிரிகளான துருக்கியர் சுடச்சுட, வெள்ளம் புரண்ட டைக்ரிஸ் ஆற்றைப் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் படகில் கடந்தார்கள். மாலைக்குள் படகுப்பாலமும் போட்டுவிட்டார்கள். மெட்ராஸ் சப்பர்ஸ் அங்கே இருந்தார்கள். நம்மவர் பாலத்தில்தான் விழுந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பதிவில் கம்பெனி எண் இல்லை, தேதியும் சில நாள் தள்ளி இருக்கிறது. போர் நாட்குறிப்புகளில் வெள்ளை அதிகாரிக்குக் காயம் என்றால் பெயர் வரும், சப்பர் செத்தால் எண்ணிக்கை வரும். அதனால் அந்த வரியை என் குறிப்பேட்டில் கேள்விக்குறியோடு விட்டிருக்கிறேன்.

பட்டாளத்துக்கு முந்தைய வாழ்க்கை இன்னும் மெலிசு. கிராமத்தின் நிலவரிக் கணக்கான செட்டில்மென்ட் பதிவேட்டில் ஊழிய மானியம் இருக்கிறது, அண்ணன் வழியில். தம்பிக்கு ஒரு சென்ட்கூட இல்லை, ஆகவே காகிதமும் இல்லை. ஊரில் வயதான ஆயா ஒருவர் மட்டும், "அவரு தமுக்கு அடிச்சா ஏரிக்கரை வரைக்கும் கேக்குமாம். எங்க மாமியாவுக்கு அவங்க மாமியா சொன்னது" என்றார். மூன்று வாய் தாண்டி வந்த சேதி. இருந்தாலும் அவரைப் பற்றிப் பட்டாளம் எழுதாத ஒரே தகவல் அதுதான்.

பெரிய திருப்பம் ஆணையத்தின் பதிவிலேயே ஒளிந்திருந்தது. இன்னாரின் கணவர் என்று ஒரு பெண்ணின் பெயர், செய்யாறு பக்கம் ஒரு ஊர். வீட்டில் எல்லாரும் அவரைக் கல்யாணமாகாதவர் என்றே நம்பியிருந்தார்கள். ஆயாவிடம் சொன்னேன். "அப்போ அந்தப் பொண்ணுக்குப் பணம் ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டார். இறந்தவர் குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு. அதோடு 12 செ.மீ. அகல வெண்கல வட்டும் போக வேண்டும், பதவி இல்லாமல் பெயர் மட்டும் பொறித்தது. அந்த வட்டு இந்த வீட்டுக்கு வரவே இல்லை. அங்கே போயிருக்கலாம். அறுவடை முடிந்ததும் நண்பரும் நானும் செய்யாறு பக்கம் போகிறோம். அந்த ஊரில் யாருக்காவது சொந்தபந்தம் இருந்தால் எழுதுங்கள்.