பில்சார்ட் பருவம்: கார்ன்வால் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 9, நியூலின்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில், இந்தப் பருவத்தின் பில்சார்ட் மீன் நியூலின் துறைமுகத்துக்கு வரத் தொடங்கிவிட்டது. மீன்கடைப் பலகையில் 'கார்னிஷ் சார்டின்' என்று எழுதியிருக்கிறார்கள்; 1990களில் விற்பனையை உயர்த்துவதற்காகச் சூட்டப்பட்ட பெயர் அது. ஊரின் வயதானவர்கள் இன்றும் பில்சார்ட் என்றே கேட்டு வாங்குகிறார்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் சாளை தின்று வளர்ந்த எனக்கு இந்த மீன் அந்நியமாகத் தெரியவில்லை. இனம் வேறுதான்; ஆனாலும் நீலமும் பச்சையும் கலந்த முதுகு, தொட்டவுடன் உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொள்ளும் செதில், அடுப்பில் வைத்ததும் தானே எண்ணெய் விட்டுப் பொரியும் சதை ஆகியவற்றைப் பார்த்தால் இரண்டும் ஒரு குடும்பம் என்பது விளங்கிவிடும்.

கார்ன்வால் மக்கள் விருந்துகளில் 'மீன், வெள்ளீயம், செம்பு' என்று சொல்லிக் கோப்பை உயர்த்துவது பழைய வழக்கம். சுரங்கங்கள் இரண்டுக்கு முன்னால் மீனை வைத்தார்கள். அந்த மீன் பெரும்பாலும் பில்சார்ட்தான். ஓர் ஊரின் ஆண், பெண், சிறுவர் அனைவரையும் ஒரே வேலையில் பிணைத்து வைத்திருந்த மீன் அது. அந்தப் பிணைப்பு எவ்வாறு இயங்கியது என்பதை அறிந்துகொள்ளும் ஆவலில், பருவம் முடியும்வரை இங்கே குறிப்பெழுத எண்ணியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, நியூக்கே

வடகரையில் இருக்கும் நியூக்கே ஊரின் கடல்முனையில், வெள்ளையடித்த சிறு கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. 'ஹியூவர்' என்று அழைக்கப்பட்ட காவற்காரர் கடலைப் பார்த்திருந்த இடம் அது. கோடையின் இறுதியில் மீன்கூட்டம் கரையை ஒட்டி வரும் காலத்தில், அவர் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பாறை உச்சியில் இருந்து, நீரின் நிறம் எங்கே செம்மையாகவோ ஊதாவாகவோ மாறுகிறது, கடற்பறவைகள் எங்கே கூடி விழுகின்றன என்று கவனித்துக்கொண்டே இருப்பார். கூட்டம் தென்பட்டதும் தகரக் குழலை வாயில் வைத்து 'ஹெவா, ஹெவா' என்று கூவுவார். அதைக் கேட்டவுடன் கடைக்காரர் கடையை விட்டும், பெண்கள் அடுப்பை விட்டும் கரைக்கு ஓடுவார்கள்.

கூவியதோடு அவர் வேலை முடிவதில்லை. படகில் இருப்பவர்களுக்கு மீன்கூட்டம் கண்ணுக்குத் தெரியாது. உயரத்தில் நிற்கும் அவருக்குத்தான் அதன் தலையும் வாலும் தெரியும். ஆகவே துணி சுற்றிய முட்புதர்க் கட்டுகளை இரு கைகளிலும் பிடித்து, இடப்பக்கம் திரும்பு, நில், இப்போது வலையைப் போடு என்று அசைவுகளாலேயே படகுகளை நடத்துவார். கடலில் கால் வைக்காத ஒருவருடைய கண்ணை நம்பி, பல குடும்பங்களின் ஓராண்டு வருமானம் நீரில் இறங்கியது. இவருக்கு வாரக் கூலியோடு, பிடிபட்ட மீனில் பங்கும் கொடுத்தார்கள் என்பது முற்றிலும் நியாயமானதாகப் படுகிறது.

செப்டம்பர் 4, செயின்ட் ஐவ்ஸ்

கரையோரப் பெருவலையின் இயக்கத்தை இன்று ஓரளவு முழுமையாக விளங்கிக்கொண்டேன். ஒரு வலைக்கு மூன்று படகுகள் வேண்டும். முதற்படகு ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுள்ள கனத்த வலையைச் சுமந்து சென்று மீன்கூட்டத்தைச் சுற்றி இறக்கும். இரண்டாவது படகு திறந்த வாய்ப்பகுதியை அடைக்கும் சிறு வலையோடு பின்தொடரும். மூன்றாவது சிறு படகில் வலைத்தலைவர் அமர்ந்து ஆணையிடுவார். சுற்றி வளைத்த வலையை அப்படியே மெல்ல இழுத்து, ஆழமற்ற, அலை குறைந்த இடத்துக்குக் கொண்டுவந்து நங்கூரமிட்டு நிறுத்துவார்கள். நம் கரைவலையைப் போல அதை உடனே மணலில் இழுத்துப் போடுவதில்லை. மீன் உள்ளேயே உயிரோடு நீந்திக்கொண்டிருக்க, வேறொரு சிறு வலையை அதற்குள் இறக்கி, நாள்தோறும் தேவைப்படும் அளவைக் கூடைகளால் அள்ளிப் படகில் ஏற்றுவார்கள்.

இவ்வளவு பொறுமை ஏன் என்பதற்கான விடை கடலில் இல்லை, கரையில் இருக்கிறது. எண்ணெய்ச்சத்து மிகுந்த இந்த மீன் பிடித்த சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். பெண்கள் எவ்வளவு வேகமாக உப்பிட முடியுமோ அவ்வளவுதான் கடலிலிருந்து எடுக்க முடியும். வலையின் வேகத்தை நிர்ணயித்தவை உப்பிடும் கைகள்.

இந்த ஊரில் 1868இல் ஒரே வலையில் 5,600 ஹாக்ஸ்ஹெட் பில்சார்ட் கிடைத்தது. அதைவிடப் பெரிய பிடிப்பு கார்ன்வாலில் பதிவாகவில்லை. ஹாக்ஸ்ஹெட் என்பது ஏறத்தாழ 3,000 மீன் கொள்ளும் பெரிய மரப்பீப்பாய். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மீன்கள் ஒரே வளையத்துக்குள் இருந்திருக்க வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு: மீன் தென்படாத ஆண்டுகளில் படகுகளும் ஆட்களும் பருவம் முழுவதும் காத்திருந்து வெறுங்கையோடு கலைந்தார்கள். அதிர்ஷ்டம் இவ்வளவு பெரிதாக இருக்கும் இடத்தில் சண்டையும் பெரிதாக இருக்கும் அல்லவா? செயின்ட் ஐவ்ஸ் விரிகுடாவில் யார் எந்த இடத்தில், எந்த முறையில் வலை போடலாம் என்பதை ஒழுங்குபடுத்த, 1841இல் பாராளுமன்றமே தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

செப்டம்பர் 5

நேற்றைய குறிப்போடு சேர்க்க வேண்டிய ஓர் எண்: 1847இல் கார்ன்வாலிலிருந்து ஏற்றுமதியான பில்சார்ட் 40,883 ஹாக்ஸ்ஹெட், அதாவது ஏறத்தாழ 12 கோடி மீன்கள். அவற்றில் ஒவ்வொன்றையும் ஒரு கை எடுத்து அடுக்கியது. ஆகவே அடுத்து உப்பறைகளைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 20, நியூலின்

துறைமுகத்துக்கு மேலே ஏறும் சந்துகளில், வீடுகளின் கீழ்த்தளம் பழைய மீன் உப்பறை என்பதை எவரும் கண்டுகொள்ளலாம். நடுவில் கல் பாவிய முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், மேலே குடியிருப்பு. இப்போது விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடப்படும் ஒரு வீட்டுக்குள், அதைப் பராமரிக்கும் அம்மையார் என்னை அன்போடு அனுமதித்தார். முற்றத்துக் கற்கள் ஓரத்து வாய்க்காலை நோக்கி மெல்லச் சரிந்திருக்கின்றன. சுவரில் இடுப்பளவு உயரத்தில் சதுரத் துளைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு துளைக்குள் விரல்களை விட்டுப் பார்த்தேன். கீழ்விளிம்பு கூர்மையாக இருக்க, மேல்விளிம்பு மட்டும் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. பீப்பாய்களை அழுத்திய மரக்கம்பங்களின் நுனி அந்த மேல்விளிம்பில் முட்டி முட்டித் தேய்த்த தேய்வு அது.

வேலை நடந்த விதம் இது. மீன் கரைக்கு வந்தவுடன், இரவோ பகலோ, ஊர்ப் பெண்கள் அனைவரும் உப்பறைக்கு வருவார்கள். சிறுமிகள் மீனை எடுத்துக் கொடுக்க, பெரியவர்கள் சுவரோரமாக உப்பை ஓர் அடுக்கு, மீனை ஓர் அடுக்கு என்று, தலைகள் வெளிப்பக்கம் பார்க்க, நெஞ்சுயரம் வரை அடுக்குவார்கள். மெழுகுவர்த்தி ஒளியில், ஒரு மதில் எழுப்பும் நேர்த்தியோடு அது நடந்தது. உப்பு பிரான்சிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பலில் வந்தது. ஒரு மாதத்துக்கும் குறையாமல் அடுக்கு அப்படியே இருக்கும். கசியும் உப்புநீரும் எண்ணெயும் வாய்க்கால் வழியே குழிக்குள் சேரும். பின்பு மீனைக் கழுவி, பீப்பாய்க்குள் வால்கள் நடுவில் கூடும்படி வட்டம் வட்டமாக அடுக்கி, மூடிமேல் கம்பத்தை வைத்து, அதன் ஒரு முனையைச் சுவர்த்துளையில் செருகி, மறுமுனையில் பாறாங்கல்லைத் தொங்கவிடுவார்கள். மீன் அமுங்க அமுங்க எண்ணெய் வடியும். இடம் உண்டானதும் மறுபடி மீன் நிரப்பி மறுபடி அழுத்துவார்கள்.

எதுவும் வீணாகவில்லை. எண்ணெய் விளக்குக்கும் தோல் பதனிடுவதற்கும் போனது. கழிவு மீனையும் பழைய உப்பையும் உழவர்கள் எருவுக்கு வாங்கிப் போனார்கள். 'இறைச்சி, காசு, வெளிச்சம். அத்தனையும் ஒரே இரவில்' என்று இந்த மீனைப் பற்றி இவ்வூரில் ஒரு பழமொழி உண்டு. பழமொழியில் விடுபட்டது கூலிக்காரி மட்டுமே. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று பென்ஸ் பெற்றுக்கொண்டு, வெடித்த விரல்களில் உப்பு எரிய, இரவு முழுவதும் நின்று அடுக்கிய பெண்கள் இல்லையென்றால், கடலில் வளைத்த கோடி மீனும் நாறித்தான் போயிருக்கும். வலைகளுக்கு உரிமையாளர் பெயர்களும் நிறுவனப் பெயர்களும் ஆவணங்களில் இருக்கின்றன. இவர்களுடைய பெயர்களைத் தேடுவது கடினம். இதை மனத்தாங்கலோடுதான் எழுதுகிறேன்.

அக்டோபர் 2, பால்

மவுஸ்ஹோல் ஊருக்கு மேலே உள்ள பால் கிராமத்துக் கல்லறை மதிலில் டாலி பென்ட்ரீத்தின் நினைவுக்கல் இருக்கிறது. கார்னிஷ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் என்று மரபாகச் சொல்லப்படுபவர், 1777இல் மறைந்தார். இவர் மீன் விற்றுப் பிழைத்தவர். பெயர் நிலைத்த மீன்காரி ஒருத்தியாவது இருக்கிறாள் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்; அவளும் மொழிக்காக நினைக்கப்படுகிறாளே தவிர மீனுக்காக அல்ல. இந்தப் பக்கத்து மீன்காரிகள் கூடையை முதுகில் தொங்கவிட்டு, அதன் வாரை நெற்றியின் குறுக்கே மாட்டிக்கொண்டு பென்சான்ஸ் சந்தைக்கு நடப்பார்கள்.

அக்டோபர் 18, நியூலின்

இரவு படகு வருவதைப் பார்க்கத் துறைமுகச் சுவரில் நின்றிருந்தேன். இப்போதைய பில்சார்ட் படகுகள் 15 மீட்டருக்கும் குறைந்த சிறு படகுகள். இருட்டும் நேரத்தில் புறப்பட்டு, ஒலியலைக் கருவியால் மீன்கூட்டத்தைக் கண்டுபிடித்து, வலையால் சுற்றி, அடிக்கயிற்றை இழுத்துச் சுருக்கிவிடுகிறார்கள். பாறைமேல் நின்ற ஹியூவரின் கண் இப்போது படகின் திரைக்குள் போய்விட்டது. பிடித்த மீன் உடனே பனிக்கட்டி கலந்த கடல்நீர்த் தொட்டிக்குள் இறங்குகிறது. கரையில் நின்றவர்கள் சிலரே. ஒரு பாரந்தூக்கி வண்டி தொட்டிகளை வரிசையாக எடுத்துச் சென்றது. சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அடிக்கயிற்றைச் சுருக்கும் வலை என்றதும் நம் கடற்கரையில் சுருக்குமடிக்காக நடக்கும் மோதல்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டும் இன்னும் தீராத வழக்கு அது. கார்ன்வாலிலும் இதே சண்டை வேறு வடிவத்தில் நடந்திருக்கிறது. கரையோரப் பெருவலைக்காரர்கள், ஆழத்தில் மிதவை வலை போடுபவர்கள் மீன்கூட்டத்தைக் கலைத்துவிடுகிறார்கள் என்று முறையிட்டு, 17ஆம் நூற்றாண்டிலேயே அவர்களைக் கரையை நெருங்க விடாத சட்டம் ஒன்றைப் பெற்றார்கள். வலை உரிமையாளர்கள் முதலீடு செய்த வணிகர்கள். மிதவை வலைக்காரர்கள் சொந்தப் படகில் உழைத்த சிறு மீனவர்கள். சட்டம் யார் பக்கம் நின்றது என்பதைப் பார்க்கும்போது எனக்கு மிதவை வலைக்காரர்கள்மேல்தான் பரிவு உண்டாகிறது. முடிவில் நிலைத்தவர்களும் அவர்களே: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன்கூட்டங்கள் கரையை நெருங்குவது குறைந்து பெருவலைகள் மறைந்தபின், மீனைத் தேடிக் கடலுக்குப் போனவர்கள் அவர்கள்தாம்.

நவம்பர் 6, நியூலின்

இவ்வளவு உப்புமீனையும் தின்றவர்கள் யார் என்றால், இத்தாலியர்கள். நேப்பிள்ஸ், ஜெனோவா, லிவோர்னோ, வெனிஸ் துறைமுகங்களுக்குப் பீப்பாய்கள் சென்றன. கத்தோலிக்கர்கள் இறைச்சி தவிர்க்கும் தவக்காலமே இவற்றின் பெரிய சந்தை. பிற்காலத்தில், போப்பாண்டவரை ஏற்காத மெதடிஸ்ட் சபையில் ஆழ ஊன்றிய மீனவர்கள், நோன்பு நெடுநாள் நீடிக்கட்டும் என்று போப்பாண்டவரின் நலத்துக்குக் கோப்பை உயர்த்தினார்கள். நியூலினில் 1905இல் தொடங்கிய உப்புமீன் ஆலை ஒன்று அதே பழைய முறையில் அழுத்திப் பெட்டிகளிலும் பீப்பாய்களிலும் அடுக்கி இத்தாலிக்கு அனுப்பிவந்தது. வாங்கி உண்ட தலைமுறை குறைந்துபோக, 2005இல் அதுவும் மூடப்பட்டது.

ஆனால் மீன் மூடிப்போகவில்லை. 2009இல் கார்னிஷ் சார்டினுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. கார்ன்வால் கரையிலிருந்து ஆறு மைலுக்குள் பிடித்து, கார்ன்வாலிலேயே இறக்கிப் பதப்படுத்திய மீன்தான் அந்தப் பெயரைத் தாங்கலாம். இதைச் சாதித்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். அழிந்துபோயிருக்க வேண்டிய ஒரு தொழிலைக் காப்பாற்றினார்கள். அதே சமயம் காப்பாற்றப்பட்டது தொழில்தான், ஊரின் கூட்டு வாழ்வு அல்ல என்பதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. துறைமுகத்தைப் பார்த்திருக்கும் சந்துகளில் இன்று குளிர்காலத்தில் விளக்கெரியாத வீடுகள் எத்தனையோ. மீனவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வீடுகளின் விலை எட்டுவதில்லை.

டிசம்பர் 23, மவுஸ்ஹோல்

இன்று டாம் பாகாக் திருநாள். ஊர் பசியில் வாடியபோது, புயலைப் பொருட்படுத்தாமல் தனியே கடலுக்குச் சென்று ஏழு வகை மீனோடு திரும்பியவர் என்று கதை சொல்கிறது. மீன்தலைகள் மாவுமூடியைத் துளைத்து வானத்தைப் பார்க்கும் 'ஸ்டார்கேஸி பை' துறைமுக விடுதியில் எல்லோருக்கும் பரிமாறப்படுகிறது. மூடிக்கு மேலே நிற்கும் தலையிலிருந்து எண்ணெய் மறுபடி உள்ளேயே வடியும் என்பதால் அந்த அமைப்பு என்கிறார்கள். மீன் வடிவக் காகித விளக்குகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். நான்கு நாள் முன்பு, 19ஆம் தேதி, 1981இல் கடலில் மடிந்த பென்லீ உயிர்காப்புப் படகின் எட்டுப் பேருக்காக இதே துறைமுகத்தின் அலங்கார விளக்குகளைத் தணித்து வைத்திருந்தார்கள்.

கூட்டத்தில் என் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு நின்று சாப்பிட்டேன். தன் பாட்டியும் உப்பறையில் அடுக்கியவர் என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கூலி வேலை முடிந்தபின் அந்தப் பெண்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு மண்சாடியில் மீனை உப்பிட்டு வைப்பார்களாம்; 'புஸ்ஸா' என்று பெயர். குளிர்காலம் முழுவதும் அதிலிருந்து எடுத்து, ஊறவைத்து, உருளைக்கிழங்கோடு வேகவைத்து உண்பார்கள். புதுமீனாக இருந்தால் வினிகரும் பிரிஞ்சி இலையும் மிளகும் சேர்த்து, மூடிய மண்பாத்திரத்தில் இரவெல்லாம் இளஞ்சூட்டில் வைப்பது அவர் அம்மாவின் வழக்கம். உப்பின் அளவைக் கேட்டேன். அடியில் கனமாக ஓர் அடுக்கு, பிறகு ஒவ்வொரு அடுக்குக்கும் மீன் மறையும் அளவு, கடைசியில் ஒரு மரப்பலகை, அதன்மேல் கடற்கரைக் கல் ஒன்று என்று சொன்னார். உப்பறையில் அடுக்கிய அந்தப் பாட்டியின் பெயரையும் கேட்டு என் ஏட்டில் குறித்துக்கொண்டேன். இங்கே எழுத அனுமதி கேட்கவில்லை.

மார்ச் வரை மீன் வரும். காற்று தணிந்து படகுகள் மறுபடி இறங்கும்போது ஒரு பெட்டி வாங்கி, இந்த அளவின்படியே சாடியில் அடுக்கப் போகிறேன். கல்லைத் தானே தேர்ந்தெடுத்துத் தருவதாகப் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லியிருக்கிறார்.