இலவச அறையும் கூலிதான்

திருகோணமலை நிலாவெளியில் ஒரு விடுதி, தன்னைப் பற்றி எழுதச் சொல்லிப் பதிவருக்கு இரண்டு இரவு அறையும் சாப்பாடும் தருகிறது, கையில் காசு தரவில்லை. அப்படியென்றால் இது விளம்பரம் இல்லைத்தானே என்று புதுப் பதிவர்கள் கேட்கிறார்கள். விளம்பரம்தான். மற்றவர்கள் கட்டுகிற வாடகையை உங்களிடம் வாங்காமல் விட்டதே உங்களுக்குக் கிடைத்த கூலி. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2009இல் தன் வழிகாட்டலைத் திருத்தியபோது, பதிவர்களுக்கு இலவசமாக வரும் பொருட்களையும் சேர்த்துக்கொண்டது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வர்த்தகர்கள் மக்களைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது.

அறிவிப்பு முதல் படத்துக்கும் மேலே வர வேண்டும். "இந்த விடுதி எனக்கு இரண்டு இரவு அறையும் சாப்பாடும் இலவசமாகத் தந்தது. எழுதியதை வெளியிடுமுன் அவர்களுக்குக் காட்டவில்லை." இவ்வளவு போதும்; இரண்டாவது வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கடைசியில் "நன்றி" என்று விடுதியின் பெயரைப் போடுவதிலிருந்து யாருக்கும் எதுவும் விளங்காது. பேஸ்புக்கில் "மேலும் பார்க்க" என்பதற்குக் கீழே போனதைப் பலர் திறப்பதே இல்லை. யூடியூப்பில் கட்டண விளம்பரத்துக்கான பெட்டியில் சரி போட்டாலும் அந்தக் குறிப்பு தொடக்கத்தில் சில நொடிகள்தான் தெரியும். ஆகவே வாயாலும் சொல்லுங்கள்.

ஒப்புக்கொள்ளுமுன் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்க வேண்டியது: அறிவிப்பு மேலே வரும், குறை இருந்தால் எழுதப்படும், விலை, தொலைபேசி எண் போன்ற தகவல் பிழைகளை மட்டும் அவர்கள் திருத்தலாம். முதலாவதற்கே முகம் சுளிக்கிறவர்களோடு அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

திருகோணமலையில் பெரிய ஏமாற்று பருவகாலத்தை மறைப்பதில்தான் நடக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை விடுதிகளுக்குப் பதிவர் தேவைப்படுவதில்லை. அழைப்பு வருவது நவம்பர், டிசெம்பரில், அறைகள் காலியாகக் கிடக்கும்போது. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்து, புறாத்தீவுத் தேசியப் பூங்காவுக்குப் படகு போகாத நாட்கள் அவை. அப்போது தங்கிவிட்டு, விடுதி கொடுத்த ஓகஸ்ட் மாதத்து நீலக்கடல் படத்தைப் போட்டால், அதை நம்பிக் குடும்பத்தோடு வருகிறவர் அறைக்குள் மழை பார்த்துக்கொண்டிருப்பார். தங்கிய திகதியை எழுதுங்கள், உங்கள் படத்தையே போடுங்கள். படகுக்காரர் இலவசமாகக் கூட்டிப்போனால் இன்னொன்றும் விடுபடும்: படகுக் கூலி வேறு, தேசியப் பூங்கா நுழைவுச்சீட்டு வேறு. இரண்டையும் சொல்லாத பதிவு பாதி விலைதான் சொல்கிறது. பவளப்பாறை மேல் நின்று எடுத்த படத்தை யார் கேட்டாலும் போடக்கூடாது.

முகம் வெளுக்கும் கிறீம் என்றால் அறிவிப்புப் போட்டாலும் எழுதாதீர்கள். இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை ஒப்பனைப் பொருட்களுக்கு முதலில் வைத்த எல்லை பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, 2023இல் அந்த எல்லையையும் நீக்கிப் பாதரசம் சேர்த்தவற்றை முழுதாக விலக்க முடிவானது; கிறீமில் பாதரசம் இருப்பதைக் கண்ணாலோ மணத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வாரத்தில் வெளுத்தது என்று காட்டும் படம் பாதுகாப்புக்குச் சான்று ஆகாது, பாதரசமும் வெளுக்கவே செய்யும். அது சிறுநீரகத்தைத் தாக்கும், பூசியவரின் கையிலிருந்து குழந்தைக்கும் போகும்.

ஏற்கெனவே எழுதியிருந்தால் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். வாங்கியவர்கள் இன்னும் பூசிக்கொண்டிருக்கலாம். பதிவின் உச்சியில் திகதியோடு, "இதை எழுதக் காசு வாங்கினேன், பாவிப்பதை நிறுத்துங்கள்" என்று போட்டு, அதையே பேஸ்புக்கிலும் மறுபடி பகிருங்கள்.