காகிதத் தொட்டி

டீ பாதி குடிப்பதற்குள் காகிதக் கப்பின் அடி ஊறி மேசையில் ஈர வட்டம்.

1944-ல் இங்கிலாந்திலிருந்து கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறந்த அமெரிக்க மஸ்டாங் போர் விமானங்களின் இறக்கைக்கு அடியில் தொங்கியதும் காகிதம்தான்!

தாளைப் பல அடுக்காகப் பசையில் தோய்த்துச் செய்த எரிபொருள் தொட்டி. ஒன்றில் 108 காலன், சுமார் 409 லிட்டர். இறக்கைக்கு ஒன்று. பெட்ரோல் அதிக நேரம் நின்றால் பசை இளகிவிடும். அதனால் கிளம்பப்போகும் நேரத்தில்தான் நிரப்புவார்கள். காலியானதும் கழற்றிவிட வேண்டியதுதான். கீழே எதிரிக்கு அலுமினியமும் கிடைக்காது.

ஆனால் மேலே ஏறியதும் இந்தத் தொட்டியைத் தொட மாட்டார்கள். விமானியின் இருக்கைக்குப் பின்னால் இன்னொரு தொட்டி, 85 காலன். நிரம்பியிருந்தால் பெட்ரோல் மட்டுமே சுமார் 230 கிலோ. எடை பின்னால் சாய்வதால், இறுக்கித் திருப்பினால் விமானம் கட்டுக்குள் நிற்காது. அதைப் பெருமளவு தீர்த்த பிறகே காகிதத் தொட்டிக்கு மாற வேண்டும்.

ஏன் இந்த வரிசை? எதிரி எந்த நிமிடமும் வரலாம். வெளித் தொட்டியை ஒரு நொடியில் உதறிவிடலாம். முதுகுக்குப் பின்னால் இருப்பதை உதற முடியாது.

உதறும் அவசரத்தில் எரிபொருள் வால்வை உள்தொட்டிக்குத் திருப்ப மறந்தால் போச்சு. சண்டை தொடங்கும் நேரத்தில் என்ஜின் இருமி நிற்கும்.