கருப்பட்டி ஊர்க்காரி கொல்கத்தாவில் கழித்த குளிர்காலம்

வேலை நிமித்தமாகக் கொல்கத்தாவில் சில மாதம் தங்கப் போகிறேன் என்றதும் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். விக்டோரியா நினைவகம், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகள். எல்லாம் பார்த்தேன், எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் துர்கா பூஜை முடிந்த கையோடு போய், முருங்கை பூக்கும் மாசி வரை அங்கேயே குடியிருந்த எனக்கு அந்த ஊர் பிடிபட்டதென்னவோ காய்கறிச் சந்தையிலும் டிராமிலும், அப்புறம் வெல்லம் காய்ச்சும் ஒரு கொட்டகையிலும்தான்.

எனக்குச் சொந்த ஊர் உடன்குடி பக்கம். தாத்தா பனையேறி. பதநீர் காய்ச்சும் விடிலியில் விளையாடி வளர்ந்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதற்கு இது தேவை.

தங்கியது கரியாஹாட் பக்கம், ஒரு வயதான அம்மாவின் வீட்டு மாடி அறையில். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி நானும் மாஷிமா என்றே கூப்பிட்டேன். மாஷி என்றால் சித்தி, பெரியம்மா முறை. காலை டிபனும் இரவுச் சாப்பாடும் வாடகையில் சேர்த்தி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு நானும் கூட வரவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை அதுதான்.

கடல் மீன் தின்று வளர்ந்தவளுக்குக் கரியாஹாட் மீன் சந்தை முற்றிலும் வேறு உலகம். சீலாவும் பாறையும் தேடுகிற கண்ணுக்கு அங்கே ரோகு, கட்லா, பாப்தா, தண்ணீர்த் தட்டில் உயிரோடு துள்ளும் கொய். மீன்காரர் நம் அரிவாள்மனையைப் போலவே, ஆனால் ஆளுயரத்தில் பாதி இருக்கும் வெட்டியைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மீனை அதன் மேல் அழுத்தித் துண்டு போடுவார். குழம்புக்கா, பொரிக்கவா என்று கேட்டுக்கொண்டுதான் துண்டின் கனத்தை முடிவு செய்வார். காய்கறிப் பக்கம் வந்தால் சொந்த ஊருக்கே வந்த மாதிரி இருக்கும். வாழைப்பூ, வாழைத்தண்டு, பலாக்காய், முருங்கைக்காய் எல்லாம் உண்டு. வாழைப்பூவை நரம்பு எடுத்துச் சுத்தம் செய்ய மாஷிமாவும் நானும் தரையில் உட்கார்ந்தால் எங்களுக்குப் பேச்சுக்கு மொழியே தேவைப்படாது. கை தானாக வேலை செய்யும்.

சாப்பாட்டில் அவர்கள் கசப்பிலிருந்து தொடங்குகிறார்கள். வேப்பிலையும் கத்தரிக்காயும் சேர்த்துப் பொரித்தது, இல்லையென்றால் பாகற்காய் போட்ட சுக்தோ. அதற்கப்புறம் பருப்பு, பொரியல், மீன், கடைசியில் இனிப்பு. கடுகு எண்ணெயைப் புகை வரும் வரை காயவிட்டு, பச்சை வாடை போன பிறகே எதையும் போட வேண்டும் என்று மாஷிமா அடுப்பருகே நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார். இன்றைக்கு எங்கள் வீட்டு அலமாரியில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகு எண்ணெயும் இருக்கிறது.

வேலை டல்ஹௌசி பக்கம். மெட்ரோவில் போனால் சீக்கிரம் போய்விடலாம், ஆனாலும் காலையில் நேரம் இருந்தால் டிராம்தான். நான் இருந்தபோது கரியாஹாட்டிலிருந்து பார்க் சர்க்கஸ் வழியாக எஸ்பிளனேடு போகும் தடம் ஓடிக்கொண்டிருந்தது. கொல்கத்தாவில் 1873-இல் குதிரை இழுத்த டிராம், 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. நம் சென்னை அதற்கும் முன்னதாக, 1895-இலேயே மின்சார டிராம் விட்டுவிட்டு, 1953-இல் மொத்தமாக நிறுத்தியும் விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்த இழப்பு உறைக்கும். பெட்டி குலுங்கிக் குலுங்கி, நடக்கிறவர்களைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும். கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசித்தே நான் வங்காள எழுத்தைக் கற்றேன். அந்த வேகத்துக்கு ஒரு பலகையை முழுசாக வாசித்து முடிக்க நேரம் இருக்கும். இங்கேயும் தடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. மிச்சம் இருப்பதையாவது விட்டுவைக்க வேண்டும்.

மத்தியானம் டேக்கர்ஸ் லேன். அலுவலகக் கூட்டம் முழுக்க அந்தச் சந்தில்தான் நின்றுகொண்டே சாப்பிடும். பப்பாளிக்காயும் கேரட்டும் மிதக்கும் சிக்கன் ஸ்டூ, தொட்டுக்கொள்ள வெண்ணெய் தடவிய ரொட்டி. காய்ச்சல்காரருக்குக்கூடக் கொடுக்கலாம், அவ்வளவு சாதுவான சாப்பாடு.

சாயங்காலம் வீட்டுக்கு நேராகப் போகாமல் ஃபேர்லி படித்துறைக்கு நடந்து, படகு பிடித்து ஹௌராவுக்குப் போவேன். டிக்கெட் பத்து ரூபாய்க்குள். வலது கைப்பக்கம் ஹௌரா பாலம் நெருங்கி வரும். 1943-இல் திறந்தது, அத்தனை பெரிய இரும்புக் கூட்டை நட்டு போல்ட் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே இணைத்திருக்கிறார்கள். போவது ஆற்றுக்கு மேல், திரும்புவது ஆற்றுக்குக் கீழ். 2024 மார்ச்சில் திறந்த மெட்ரோ சுரங்கம் ஹூக்ளிக்கு அடியில் சுமார் 520 மீட்டர் போகிறது. அந்தப் பகுதியைக் கடக்கும்போது சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் தெரியும். முக்கால் நிமிடம்தான். தினமும் போகிறவர்கள்கூட அந்த முக்கால் நிமிடத்துக்குப் போனிலிருந்து தலை நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் பிறந்ததும் இனிப்புக் கடைகளின் வாடையே மாறிவிட்டது. சந்தேஷ், ரசகுல்லா, பாயசம் எல்லாம் வெள்ளையிலிருந்து இளம்பழுப்புக்கு மாறின. நோலேன் குர் வந்துவிட்டது என்றார் மாஷிமா. புது வெல்லம். ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டேன். புகை வாசம், பாகு வாசம், அடியில் ஏதோ எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. “இது கரும்பு இல்லையே, மாஷிமா?” என்றேன். “கரும்பா? கேஜூர் மரம், மா,” என்றார். போனில் படம் எடுத்துக் காட்டினார். நம் ஊர் ஓடைக்கரையில் முளைத்துக் கிடக்கும் ஈச்சமரம்! நாம் ஓலையை வெட்டித் துடைப்பம் கட்டுகிற அதே மரம்.

அதைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மாஷிமாவுக்குப் பழக்கமான ஒரு வெல்ல வியாபாரியிடம் சொல்லி வைத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை இருட்டோடு கிளம்பி, பாலிகஞ்ச் சந்திப்பில் லோக்கல் ரயில் பிடித்தேன். பெண்கள் பெட்டி. நகரத்துக்கு வந்து வீட்டுவேலை பார்க்கும் பெண்களும் காய் விற்கும் பெண்களும் எதிர்த் திசை ரயிலில் நிரம்பி வழிய, எங்கள் பக்கம் உட்கார இடம் இருந்தது. கொண்டை ஊசி, சீப்பு, முறுக்கிய காகிதத்தில் ஜால்முரி என்று நிலையத்துக்கு ஒரு வியாபாரி ஏறி இறங்கினார். பாருயிபூர் வந்ததும் கூடை கூடையாகக் கொய்யா. அதைத் தாண்டினால் வயலும் குளமும் பனிமூட்டமும். ஜெயநகருக்கு ஒரு நிலையம் முன்னால் பஹருவில் இறங்கினேன்.

கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது பானைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மரம் ஏறுகிறவர்களை அங்கே ஷியூலி என்கிறார்கள். பனையில் நாம் பாளையைச் சீவுகிறோம். ஈச்சமரத்தில் அவர்கள் உச்சிக்குக் கீழே தண்டின் ஒரு பக்கத்தையே செதுக்கி, அதில் மூங்கில் குழாய் சொருகுகிறார்கள். ஒரு வருஷம் இந்தப் பக்கம் என்றால் அடுத்த வருஷம் எதிர்ப் பக்கம். அதனால் வயதான மரம் படிக்கட்டு மாதிரி வளைந்து வளைந்து ஏறி நிற்கிறது. சாயங்காலம் பானை கட்டி, விடியும் முன் இறக்கிவிட வேண்டும். வெயில் பட்டால் புளித்துவிடும். ஒரே மரத்தைத் தினமும் சீவுவதும் இல்லை. சில நாள் ஓய்வு கொடுத்து, அதற்கப்புறம் வரும் முதல் சாறுதான் உசத்தி. எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் தொடங்கிக் கோடை முழுக்கப் பதநீர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது புளிக்காமல் இருக்க. இங்கே குளிர்தான் சுண்ணாம்பின் வேலையைச் செய்கிறது.

பச்சைச் சாறு குடிக்கிறாயா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பழந்தின்னி வௌவால்கள் இரவில் பானையில் வாய் வைக்கும், அதன் மூலம் நிபா பரவும் என்பது பங்களாதேஷில் பல முறை நிரூபணமான விஷயம். காய்ச்சியதில் அந்தப் பயம் இல்லை. போகிறவர்கள் ஆசைக்காகக்கூடப் பச்சையாகக் குடிக்காதீர்கள்.

அகலமான தகரத் தட்டில் சாறு கொதித்தது. அடுப்புக்குக் காய்ந்த ஈச்ச ஓலையும் வைக்கோலும். நுரை பொங்கி அடங்கி, நிறம் தேனுக்கு வந்ததும் ஒரு பங்கை அப்படியே குடத்தில் ஊற்றினார்கள். அது ஓடுகிற பதத்தில் இருக்கும் ஜோலா குர். மிச்சத்தை மேலும் காய்ச்சி இறக்கியபின் அந்த வீட்டுப் பெண்மணி செய்ததைத்தான் நான் கண் கொட்டாமல் பார்த்தேன். தட்டின் ஓரத்தில் கொஞ்சம் பாகை ஒதுக்கி, மரத்துடுப்பால் தேய் தேய் என்று தேய்த்தார். அது வெளுத்து, மாவாகத் திரண்டது. அந்த மாவை விதை போலப் பாகு முழுவதிலும் கலந்துவிட்டார். அப்புறம்தான் அச்சில் ஊற்றினால் உறையும். கட்டி வெல்லத்துக்குப் பாட்டாலி என்று பெயர். எங்கள் ஆச்சி சிரட்டையில் ஊற்றுவார், இவர் மண் தட்டில் ஊற்றினார்.

போனில் இருந்த தாத்தாவின் படத்தை எடுத்துக் காட்டினேன். இடுப்பில் அரிவாள் பெட்டியோடு பனை அடியில் நிற்கிற படம். ஷியூலி பெரியவர் அதை விரலால் பெரிதாக்கி, பெட்டியையும் அரிவாளையும் நெடுநேரம் பார்த்தார். தன் இடுப்புக் கயிற்றையும் கத்தியையும் அவிழ்த்து என் கையில் கொடுத்தார். பையன்கள் யாரும் ஏறுவதில்லை, ஒருவன் குஜராத்தில் வேலை, இன்னொருவன் கேரளத்தில் என்றார். எங்கள் ஊரிலும் அதே கதைதான். ஏற ஆள் குறையக் குறைய, சர்க்கரை கலந்த சரக்கு சந்தையை நிரப்புகிறது. ஜெயநகர் மோயாவுக்கு 2015-இலும் உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்தன. சந்தோஷம்தான். ஆனால் விடிகாலையில் மரத்தில் இருப்பவருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காதவரை பெயர் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய? இரண்டு ஊரிலும் வாங்குகிற நாம் கொஞ்சம் கூடக் கொடுத்து நல்லதைக் கேட்டு வாங்க வேண்டும். நல்ல பாட்டாலி விரலால் அழுத்தினாலே உடையும்; கல்லாக இருந்து பளபளத்தால் அதில் சர்க்கரை.

மோயா என்றேனே, அது கனகசூர் என்ற வாசனை நெல்லின் பொரியில் புது வெல்லப் பாகு, நெய், கோவா சேர்த்துப் பிடிக்கும் உருண்டை. கார்த்திகைக்கு நாம் பிடிக்கும் நெல்பொரி உருண்டைக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் வாயில் வைத்ததும் கரைகிற அளவுக்கு மெத்து.

தைப் பொங்கலும் அவர்களுடைய பௌஷ சங்கராந்தியும் ஒரே சமயத்தில் வருகின்றன. அந்த வாரம் பாபுகாட் பக்கம் நடந்தால் கங்காசாகர் போகும் சாதுக்களும் யாத்ரிகர்களும் கூடாரம் போட்டு, ஊரே நிரம்பியிருக்கும். நான் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் லேக் மார்க்கெட்டுக்குப் போய் வாழை இலையும் மல்லிகைச் சரமும் வாங்கி வந்தேன். மாஷிமா வீட்டில் பிட்டே செய்யும் நாள் அது. அரிசி மாவைச் சொப்பாக்கி, தேங்காயும் வெல்லமும் பூரணமாக வைத்து, ஆவியில் வேகவைத்தார். இதற்கு நான் என்ன சொல்ல? அச்சு அசல் நம் கொழுக்கட்டை. மறு அடுப்பில் நான் கோபிந்தபோக் அரிசியில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். குருணை மாதிரி சின்ன அரிசி, நல்ல வாசம், சீக்கிரம் குழைந்துவிடும். பாலில் வெந்த அரிசியில் நோலேன் குரை அடுப்பில் இருக்கும்போதே ஊற்றப் போனேன். மாஷிமா கையைப் பிடித்துவிட்டார். இறக்கி, சூடு தணிந்த பிறகே ஊற்ற வேண்டும், இல்லையென்றால் பால் திரிந்துவிடும். அம்மா பார்சலில் அனுப்பியிருந்த கருப்பட்டியில் சுக்குக் காபி போட்டுக் கூடவே வைத்தேன்.

இரண்டையும் மாற்றி மாற்றிச் சுவைத்துவிட்டு, கருப்பட்டியில்தான் உறைப்பு அதிகம், நோலேன் குரில் வாசம் அதிகம் என்று மாஷிமா தீர்ப்புச் சொன்னார். நானும் அதையேதான் சொல்வேன். அப்புறம் எங்கள் ஊரில் பதநீர் எப்போது இறக்குவார்கள் என்று கேட்டார். பங்குனியில் வாருங்கள் என்றேன். ஷாலிமாரிலிருந்து கோரமண்டலில் சென்னை, அங்கிருந்து ராத்திரி ரயிலில் திருச்செந்தூர், இறங்கினால் உடன்குடி பக்கம்தான். மூட்டுவலி இருக்கிறது, கீழ்ப் படுக்கை வேண்டும் என்றார். டிக்கெட் போட்டாயிற்று, இரண்டு ரயிலிலும் கீழ்ப் படுக்கையே கிடைத்துவிட்டது. ஆச்சியின் விடிலியில் அடுப்பைப் பூசி வைக்க அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.