இனிஷியல், பாஸ்வேர்டு, அப்புறம் கியூடிஎஸ்

நான் காட்பாடி பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஏழு வருடம் கணக்கு டீச்சர், கடைசியாக வாங்கிய மாதச் சம்பளம் 19,000. இங்கிலாந்தில் வேலை வாங்கித் தருகிறோம் என்று ஒரு கன்சல்டன்சி 60,000 கேட்டது. கியூடிஎஸ் (இங்கிலாந்தில் தகுதி பெற்ற ஆசிரியர் என்கிற அங்கீகாரம்) எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மேடம், வெளிநாட்டில் பயிற்சி முடித்தவர்கள் அது இல்லாமலே 4 வருடம் பாடம் நடத்தலாம் என்றார்கள். பொய் இல்லை, அப்படி விதி இருக்கிறது. அந்த 4 வருடமும் என்ன சம்பளம் என்பதைத்தான் வாயே திறக்கவில்லை.

அதைச் சொன்னது லெஸ்டரில் இருக்கும் பெரியம்மா பையன். பி.எட். முடித்தவர், பிசிக்ஸ் அருமையாக நடத்துவார், அவரை அங்கே 'தகுதி பெறாத ஆசிரியர்' கணக்கில் வைத்திருக்கிறார்கள். "கிளாஸுக்குள்ள எல்லாரும் ஒண்ணுதான்மா, சம்பளம் போடற அன்னைக்குத்தான் வித்தியாசம் தெரியும்" என்றார். 2024 செப்டம்பர் நிலவரப்படி லண்டனுக்கு வெளியே அந்தக் கணக்கில் தொடக்கச் சம்பளம் வருடத்துக்கு 21,731 பவுண்ட், கியூடிஎஸ் இருந்தால் 31,650. வித்தியாசம் மட்டுமே நம் பணத்தில் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் போகிறது! (அரசுப் பணத்தில் தன்னாட்சியாக நடக்கும் அகாடமி பள்ளிகள் அப்போது தாங்களே சம்பளம் வைத்துக்கொள்ள முடிந்தது, அது தனிக் கதை.)

2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் பி.எட். முடித்தவர்களும் கியூடிஎஸுக்கு நேரடியாக ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கட்டணமும் இல்லை. ஆனால் நமக்கு 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கான கணக்கு, அறிவியல், மொழிப்பாடம் மட்டும்தான். என்னோடு சேர்ந்து விசாரித்த சோஷியல் டீச்சர் அதோடு விட்டுவிட்டாள், பாவம்.

ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று வாங்க சேர்க்காட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு நடை, அது சுலபமாகவே முடிந்தது. படுத்தியது இனிஷியல்தான். டிகிரியில் பெயரும் ஒற்றை எழுத்தும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக சர்நேம் இடத்தில். நமக்கு இது ஒரு விஷயமே இல்லை, அங்கே விண்ணப்பத்தைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு வேறு ஆட்கள். சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் நோட்டரியிடம் இரண்டு பெயரும் ஒருவரே என்று அஃபிடவிட் போட்டு அனுப்பினேன்.

அடுத்தது அனுபவச் சான்று. வெறும் லெட்டர் போதாது, பள்ளிக்கு ஒரு லிங்க் வரும், அவர்களே உள்ளே போய் நான் அங்கே வேலை பார்த்தேன் என்று உறுதி செய்ய வேண்டும். பள்ளிப் பெயரில் ஒரு மெயில் இருந்தது, பாஸ்வேர்டு வேலையை விட்டுப் போன கிளார்க்கிடம். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கவே மூன்று வாரம், அதற்கப்புறம் கரஸ்பாண்டென்ட் சார் 'இதுல கையெழுத்துப் போட்டா ஸ்கூலுக்கு ஏதும் வராதே' என்று இன்னும் பத்து நாள் இழுத்தார். டீச்சர் போய்விடுவாரே என்ற கவலைதான், புரிகிறது, ஆனால் 19,000 கொடுக்கும்போது அந்தக் கவலையைக் காணோமே.

ஐந்து மாதத்தில் கியூடிஎஸ் வந்தது. வேலை கொடுத்த பள்ளி முதலில் எம்1 என்றது, அதாவது புதிதாகச் சேர்பவருக்கான முதல் சம்பளப் படிநிலை. இந்தியாவில் பார்த்த வருடங்களைக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்பது பள்ளியின் விருப்பம், கேட்காவிட்டால் அவர்களாகத் தரப்போவதில்லை. வகுப்புவாரியாக ஏழு வருட விவரம் எழுதி அனுப்பினேன், எம்4 ஆனது.

லெஸ்டர் அண்ணன் இப்போதுதான் கியூடிஎஸுக்கு விண்ணப்பிக்கிறார். அவர் டிகிரியிலும் இனிஷியல்தான். நோட்டரி நம்பரைப் பெரியப்பாவிடம் கொடுத்திருக்கிறேன்.