அடமானத்துக்கு வராத நிலம்

கனடாவில் திவால் வழக்குகளோடு பல ஆண்டுகள் ஓடிவிட்டன. நிறுவனம் கடனில் மூழ்கினால் எந்தச் சொத்து யாரிடம் ஈடாக இருக்கிறது, யாருக்கு முதலில் பணம் என்று பார்ப்பதே என் வேலை. அதே கண்ணோடுதான் முதல் பூர்வகுடி வழக்குக் கட்டையும் பிரித்தேன். தடுமாறிப்போனேன். பூர்வகுடிகளுக்குக் கூட்டு உரிமையாக உள்ள நிலத்தை அரசைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாது. வருங்காலத் தலைமுறைகளின் பயனைக் கெடுக்கும்படி பயன்படுத்தவும் கூடாது என்கிறது, சில்கோட்டின் என்ற பூர்வகுடியினரின் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 2014இல் தந்த தீர்ப்பு. பிறக்காத பிள்ளைகளுக்கும் பங்கு வைத்த சட்டத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

பூர்வகுடிகள் தங்கள் நில உரிமைக்காகத் தொடுத்த டெல்கமூக் வழக்கை வாசிக்கும்போது இன்றும் தொண்டை அடைக்கிறது. கிட்க்சான் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த மூதாட்டி மேரி ஜான்சன் சாட்சிக் கூண்டில் தம் குலப் பாடலைப் பாட விரும்பினார். எழுதித் தந்தால் போதாதா என்றார் நீதிபதி. மூதாட்டி பாடியே தீர்த்தார். அவர்களுக்கு அதுதானே பட்டா! 374 நாள் விசாரணை, 1991இல் தோல்வி. 1997 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றை ஆவணங்களுக்கு இணையாக ஏற்க வேண்டும் என்று சொல்லி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

நேற்று பயிற்சிக்குச் சேர்ந்த இளைய வழக்கறிஞரிடம் முதலில் கொடுத்தது அந்தச் சாட்சியப் பக்கங்களைத்தான்.